சிவப்பு மை, கறுப்பு மை

2014 நடுவிலிருந்து 2018 தொடக்கம் வரை அமெரிக்காவில், பால்டிமோரில் இருந்தேன். வீடு ஓவிங்ஸ் மில்ஸில், நம்ம ஆட்கள் நிறையப் பேர் இருக்கும் புறநகர். ஆபீஸ் ஊருக்கு நடுவில், சார்லஸ் சென்டர் பக்கம். முதல் ஒரு வருஷம் கார் வாங்கவில்லை, மெட்ரோதான். ஓவிங்ஸ் மில்ஸில் ஏறினால் கொஞ்ச தூரம் நெடுஞ்சாலைக்கு நடுவிலேயே ஓடும், அப்புறம் பாலத்து மேலே, மோண்டாமின் வரும்போது சுரங்கத்துக்குள் இறங்கிவிடும். அதற்குப் பிறகு பென் நார்த், அப்டன், ஸ்டேட் சென்டர், லெக்சிங்டன் மார்க்கெட், நான் இறங்குமிடம். ராத்திரி எட்டு மணிக்கு மேல் அதில் ஏறாதே என்று எனக்குச் சொல்லாத தமிழர் ஒருவர்கூட அங்கே இல்லை. சொன்னவர்களில் பாதிப் பேர் அந்த மெட்ரோவில் ஒருமுறைகூட ஏறியதில்லை என்பது வேறு விஷயம்.

நான் இறங்குவதற்கு அடுத்த ஸ்டேஷன் ஷாட் டவர். அங்கிருந்து பொடிநடையாகப் போனால் கிழக்கு ஃபாயெட் தெரு 601-ஆம் எண், போலீஸ் தலைமையகம். மதியம் சாப்பிட்டுவிட்டு நடக்கும்போது எத்தனையோ தடவை அந்தக் கட்டடத்தைத் தாண்டியிருக்கிறேன். பார்க்க ஒன்றும் இல்லை, எல்லா அரசுக் கட்டடத்தையும் போல உம்மென்று இருக்கும். நான் ஆறாவது மாடி எது என்று கீழேயிருந்து எண்ணிப் பார்ப்பேன். கொலை வழக்குகளை மட்டும் பார்க்கிற பிரிவு, அவர்கள் பாஷையில் ஹோமிசைட் யூனிட், பல வருஷம் அந்த மாடியில்தான் இருந்தது. அந்த ஊர்ப் பத்திரிகை நிருபர் ஒருவர் 1988 முழுக்க அவர்களோடு உட்கார்ந்து, அவர்களோடு சுற்றி, எல்லாவற்றையும் எழுதி வைத்தார். அது புத்தகமாகி, டிவி தொடராகி, உலகத்தில் பாதிப் பேருக்கு அமெரிக்க டிடெக்டிவ் என்றால் பால்டிமோர் என்று ஆகிவிட்டது. எனக்கும் அப்படித்தான்.

அந்த அறையில் ஒரு வெள்ளைப் பலகை. மேலே ஒவ்வொரு குழுவின் சார்ஜென்ட் பெயர், கீழே அந்த வருஷம் அவர்கள் கைக்கு வந்த ஒவ்வொரு கொலையும் வரிசை எண்ணோடு, செத்தவர் பெயரோடு. துப்பு துலங்காத வழக்கு சிவப்பு மையில், முடிந்த வழக்கு கறுப்பு மையில். அவ்வளவுதான் ஏற்பாடு. உள்ளே வருகிற பெரிய அதிகாரி யாரிடமும் ஒரு வார்த்தை கேட்க வேண்டாம், வாசலில் நின்றே யார் பெயருக்குக் கீழே எத்தனை சிவப்பு என்று எண்ணிவிடலாம். 1988-இல் அந்த ஊரில் 234 கொலைகள்.

இந்த ஒரு பலகையைப் பற்றித்தான் ரொம்ப நாளாக எழுத நினைத்தேன். காரணம், நான் பார்த்த வேலையும் கிட்டத்தட்ட அதேதான். ஒரு நிறுவனத்துக்கு சப்போர்ட் டீம். ஸ்க்ரீனில் சிவப்பில் இருக்கும் டிக்கெட்டை, அதாவது பதிவான புகாரை, பச்சையாக்க வேண்டும். டிக்கெட்டை க்ளோஸ் பண்ணுவது வேறு, கோளாறைச் சரி செய்வது வேறு என்று ஐ.டி.யில் இருக்கும் யாருக்கும் நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

கொலை வழக்கு ஒருவர் கைக்கு எப்படி வருகிறது என்பதே வேடிக்கை. சினிமாவில் கமிஷனர் யோசித்து, இந்தக் கேஸை இவரிடம்தான் கொடுக்க வேண்டும் என்பார். அங்கே முறை வைத்து வருகிறது. உன் முறையில் போன் அடித்தால், எடுத்தவனுக்கே கேஸ். அவன்தான் அந்த வழக்குக்கு முதன்மை அதிகாரி, துணைக்கு இன்னொருவர். போனை எடுக்கும்போது எதிர்முனையில் இருப்பது சமையலறையில் கத்தியோடு நின்று நான்தான் குத்தினேன் என்று அழும் புருஷனா, அல்லது சந்துக்குள் பெயரே தெரியாமல் கிடக்கும் உடலா என்பது அவரவர் ஜாதகம். முதல் வகைக்கு அவர்கள் வைத்த பெயர் டங்கர், கூடைப்பந்தில் வளையத்துக்குள் பந்தை அப்படியே திணிப்பது போல. இரண்டாம் வகை ஹூடனிட், யார் செய்தது என்றே தெரியாதது. மேலிடமும் பத்திரிகையும் தலைக்கு மேல் நின்று குடைகிற வழக்குக்கு ரெட் பால் என்று பெயர், அது குழந்தையாக இருக்கலாம், போலீஸ்காரராக இருக்கலாம், பணக்காரப் பேட்டையில் நடந்ததாக இருக்கலாம். பலகையில் டங்கரும் ஒரு கறுப்பு, ஹூடனிட்டும் ஒரு கறுப்பு. ஆறு மாசம் தூங்காமல் பிடித்ததற்கும் ஆறு நிமிஷத்தில் பிடித்ததற்கும் ஒரே மதிப்பெண். எங்கள் ஆபீஸ் பாஸ்வேர்டு ரீசெட் டிக்கெட் ஞாபகம் வரும்.

நம் ஊரில் இப்படித் தனியாக ஒரு கொலைப் பிரிவு கிடையாது என்பதைச் சொல்லிவிடுகிறேன். கொலை நடந்த எல்லை எந்த ஸ்டேஷனோ அந்த ஸ்டேஷனின் சட்டம் ஒழுங்கு இன்ஸ்பெக்டர்தான் விசாரணை அதிகாரி. காலையில் கோயில் திருவிழா பந்தோபஸ்து, மத்தியானம் அமைச்சர் கான்வாய், நடுவில் கொலை. பெரிய வழக்கு என்றால் பேப்பரில் தனிப்படை அமைக்கப்பட்டுள்ளது என்று ஒரு வரி வரும். ஆனால் சென்னையில் வருஷத்துக்கு நூறு சொச்சம் கொலை, நம் ஜனத்தொகையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத பால்டிமோரில் நான் இருந்தபோது அதைவிட எவ்வளவோ அதிகம். தனிப் பிரிவு இல்லாமல் அவர்களுக்கு முடியவும் முடியாது.

நான் போன மறு வருஷம்தான் 2015. ஏப்ரல் 12-ஆம் தேதி ஃப்ரெடி கிரே என்ற 25 வயது இளைஞரைப் போலீஸ் பிடித்து வேனில் ஏற்றியது. கழுத்தெலும்பில் அடிபட்டு 19-ஆம் தேதி இறந்துபோனார். 27-ஆம் தேதி இறுதிச்சடங்கு முடிந்த சாயங்காலம் மோண்டாமினில் ஆரம்பித்த கலவரம் பென் நார்த் வரை போய், ஸ்டேஷனுக்கு வெளியே இருந்த மருந்துக்கடை எரிந்தது. தினமும் நான் தாண்டிப்போகும் இரண்டு ஸ்டேஷன்கள். மறுநாளிலிருந்து ராத்திரி பத்திலிருந்து காலை ஐந்து வரை ஊரடங்கு. நாங்கள் வீட்டிலிருந்து வேலை பார்த்தோம், புளிக்குழம்பு வைத்துக்கொண்டு சிஎன்என் பார்த்தோம், ஊரிலிருந்து அம்மா போன் மேல் போன். அதெல்லாம் ஒரு வாரத்தில் அடங்கியது. அடங்காதது அதற்கப்புறம் வந்தது. அந்த ஆண்டு மட்டும் 340-க்கு மேல் கொலைகள். 2015 தொடங்கி 2022 வரை ஒரு வருஷம்கூட 300-க்குக் கீழே இறங்கவில்லை. ஆறு லட்சம் பேர் இருக்கும் ஊருக்கு இது என்ன கணக்கு என்று யோசித்துப் பாருங்கள். (இப்போது நிலைமை மாறியிருக்கிறது, 2024-இல் 201 என்று முடிந்தது.)

அந்த 2015-இல் முடிந்த வழக்குகள் கிட்டத்தட்ட மூன்றில் ஒன்று. ஒரு டிடெக்டிவ் வருஷத்துக்கு ஐந்தாறு கொலைக்கு மேல் முதன்மையாக எடுத்தால் எதையும் ஒழுங்காகப் பார்க்க முடியாது என்பார்கள். அதெல்லாம் அந்த வருஷம் பறந்துவிட்டது. முதல் உடலுக்கு ஆய்வறிக்கை வருவதற்குள் மூன்றாவது உடல்.

சரி, இந்த மூன்றில் ஒன்று என்கிற சதவீதத்துக்கு வருவோம். அமெரிக்காவில் வழக்கு முடிந்தது என்பதற்கு எஃப்.பி.ஐ. கணக்கில் அர்த்தம், ஒருவரைக் கைது செய்து, குற்றம் சுமத்தி, நீதிமன்றத்திடம் ஒப்படைத்தாகிவிட்டது. தண்டனை கிடைத்ததா, விடுதலையானாரா என்பது இந்தக் கணக்கில் வராது. குற்றவாளி இன்னார் என்று தெரிந்து அவர் செத்துப்போயிருந்தால் அதுவும் முடிந்த வழக்குதான். இன்னொரு சூட்சுமம், போன வருஷக் கொலைக்கு இந்த வருஷம் ஆளைப் பிடித்தால் அது இந்த வருஷத்து வரவில் சேரும். உதாரணத்துக்கு, இந்த வருஷம் 300 கொலை, அதில் 90 வழக்கில் கைது, கூடவே பழைய வழக்குகளில் 40 கைது என்று வையுங்கள். கணக்கு 130-ஐ 300-ஆல் வகுக்கும். போன வருஷத்து அரியர் பாஸானதை இந்த வருஷத்து மார்க் ஷீட்டில் சேர்க்கிற மாதிரி. இந்த மாதிரி எல்லாம் சேர்த்தும், நாடு முழுக்கப் பார்த்தால், 1960-களின் தொடக்கத்தில் பத்துக்கு ஒன்பது கொலை வழக்கு முடிந்தது, 2020-களின் தொடக்கத்தில் ஏறக்குறைய பாதிதான். டிஎன்ஏ வந்து, கேமரா வந்து, செல்போன் டவர் வந்து, எல்லாம் வந்த பிறகு பாதி.

முன்னாலெல்லாம் இந்த வேலையில் தடயம்தான் எல்லாம் என்று நம்பியிருந்தேன். அதற்குக் காரணமும் ஒரு விதத்தில் பால்டிமோர்தான். ஃபிரான்சிஸ் கிளெஸ்னர் லீ என்று ஒரு பணக்காரப் பாட்டி. 1940-களில் தன் கையாலும் தச்சர்களை வைத்தும் மர்மச் சாவு நடந்த வீடுகளை பொம்மை வீடு மாதிரி செய்தார், ஒரு அடிக்கு ஓர் அங்குலம் என்ற அளவில். போலீஸ்காரர்கள் அதைப் பார்த்துப் பயிற்சி எடுப்பதற்காக. 1943-இல் நியூ ஹாம்ப்ஷையர் மாநிலப் போலீஸ் அவரை கேப்டன் என்றே ஆக்கியது. அந்தப் பொம்மை வீடுகளில் 18, பால்டிமோரில் உள்ள மாநிலத் தலைமை மருத்துவப் பரிசோதகர் அலுவலகத்தில் இருக்கின்றன, இன்றும் பயிற்சிக்குப் பயன்படுகின்றன. அதனால் விடைகளை வெளியே சொல்வதில்லை. 2017 கடைசியில் வாஷிங்டனில் ரென்விக் காட்சிக்கூடத்தில் அவற்றைப் பொதுமக்களுக்கு வைத்தார்கள். ஒரு சனிக்கிழமை ரயிலேறிப் போனேன்.

ஒரு சமையலறை. தரையில் பெண் பொம்மை விழுந்து கிடக்கிறது. கதவிடுக்குகளில் செய்தித்தாளைச் சுருட்டி அடைத்திருக்கிறது. தொட்டியில் பாதி தோல் சீவிய உருளைக்கிழங்கு. இஸ்திரி மேஜை விரித்தபடி இருக்கிறது. கேஸைத் திறந்துவிட்டுத் தற்கொலை செய்துகொள்ளப் போகிறவள் உருளைக்கிழங்கைச் சீவுவாளா? நான் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு இருபது நிமிஷம் நின்றேன். பின்னால் ஒரு அம்மா தொண்டையைச் செருமினார். விரல் நகத்தில் கால்வாசி அளவு கேஸ் குமிழ்கள், ஊசியால் பின்னிய காலுறை, அலமாரியில் டப்பாக்களில் லேபிள். பார்க்கப் பார்க்க நாமும் கண்டுபிடித்துவிடுவோம் என்று ஒரு திமிர் வரும். வீட்டுக்கு வரும் ரயிலில்தான் உறைத்தது. அந்தப் பெட்டிகளுக்குள் உயிரோடு இருக்கும் ஆள் யாரும் இல்லை. பொய் சொல்ல, பயப்பட, கதவைத் திறக்காமல் இருக்க ஆளே இல்லை.

அசல் ஊரில் எல்லாமே அந்த ஆட்கள்தான். 2002 அக்டோபரில் கிழக்கு பால்டிமோரின் ஆலிவர் பகுதியில் ஏஞ்சலா டாசன் என்ற பெண், தன் வீட்டு வாசலில் போதைப்பொருள் விற்பவர்களைப் பற்றிப் போலீசுக்குத் திரும்பத் திரும்பப் போன் செய்துகொண்டிருந்தார். அதற்குப் பழிவாங்க ஒருவன் ஒரு நாள் அதிகாலை அந்த வீட்டுக்குத் தீ வைத்தான். அவரும் ஐந்து குழந்தைகளும் கருகிப் போனார்கள், கணவர் ஒரு வாரம் கழித்து ஆஸ்பத்திரியில் இறந்தார். ஏழு பேர். அதற்கு இரண்டு வருஷம் கழித்து, போலீசுக்குத் தகவல் சொல்பவர்களை மிரட்டி எடுத்த ஒரு டிவிடி அதே ஊரில் கைமாறிக்கொண்டிருந்தது. இதற்கப்புறமும் அந்தத் தெருவில் கதவைத் தட்டி, பார்த்தீர்களா என்று கேட்கும் டிடெக்டிவிடம், பார்த்தேன் என்று யாராவது சொல்வார்களா? பயம் ஒரு பக்கம். போலீஸ்மேல் வெறுப்பு இன்னொரு பக்கம், அதற்கும் அவர்களிடம் காரணம் இருந்தது.

ஹார்லெம் பார்க் கதை அந்தக் காரணங்களில் ஒன்று. அப்டன் ஸ்டேஷனிலிருந்து நடந்தே போய்விடலாம். 1983 நவம்பர் 18, ஹார்லெம் பார்க் ஜூனியர் ஹைஸ்கூல் வராந்தாவில் டிவிட் டக்கெட் என்ற 14 வயதுப் பையனைக் கழுத்தில் சுட்டு, அவன் போட்டிருந்த ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழக ஜாக்கெட்டைப் பறித்துக்கொண்டு போனார்கள். ஒரு ஜாக்கெட்டுக்காக, பள்ளிக்கூடத்துக்குள். இதைவிடப் பெரிய ரெட் பால் கிடையாது. ஊரே கொதித்தது. ஆறே நாளில், தேங்க்ஸ்கிவிங் பண்டிகை அன்று, ஆல்ஃப்ரட் செஸ்ட்நட், ஆண்ட்ரூ ஸ்டூவர்ட், ரான்சம் வாட்கின்ஸ் என்று மூன்று பேரைக் கைது செய்தார்கள். மூவருக்கும் 16 வயது. செஸ்ட்நட் வீட்டில் ஒரு ஜார்ஜ்டவுன் ஜாக்கெட் கிடைத்தது. அதை வாங்கிய ரசீது தன்னிடம் இருக்கிறது என்று அவன் அம்மா சொன்னார். ஜாக்கெட்டில் ரத்தமும் இல்லை, வெடிமருந்துத் துகளும் இல்லை. ஆனாலும் பள்ளிப் பிள்ளைகள் நாலு பேர் சாட்சி சொன்னார்கள். 1984-இல் மூவருக்கும் ஆயுள்.

சுட்டது வேறொரு 18 வயதுப் பையன், அவன் ஓடுவதைப் பார்த்தோம், பிறகு அந்த ஜாக்கெட்டோடு பார்த்தோம் என்று வேறு மாணவர்கள் போலீசிடம் அப்போதே சொல்லியிருந்தார்கள். அந்தக் காகிதங்கள் எதிர்த்தரப்பு வக்கீலுக்குப் போகவில்லை, முத்திரை வைத்துக் கட்டி வைக்கப்பட்டன. 2018-இல், 50 வயதை எட்டிவிட்டு இன்னும் ஜெயிலில் இருந்த செஸ்ட்நட் தகவல் கேட்டு ஒரு மனு போட்டார். கட்டு அவிழ்ந்தது. சின்ன வயதில் சாட்சி சொன்ன நாலு பேரும் இப்போது, நாங்கள் சொன்னது பொய், எங்களைச் சொல்ல வைத்தார்கள் என்றார்கள். 2019 நவம்பர் 25, மறுபடி தேங்க்ஸ்கிவிங் வாரம், மூவரும் வெளியே வந்தார்கள். 36 வருஷம். 2023-இல் நகராட்சி 48 மில்லியன் டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. உண்மையில் சுட்டதாக மாணவர்கள் சொன்ன அந்த ஆளை 2002-இல் யாரோ சுட்டுக் கொன்றுவிட்டார்கள்.

மூவரும் வெளியே வந்தபோது நான் சென்னைக்கு வந்து ஒன்றே முக்கால் வருஷம் ஆகியிருந்தது. வேளச்சேரி ரயில் ஸ்டேஷனில் நின்றுகொண்டு போனில் இந்தச் செய்தியைப் படித்தேன். என் மண்டைக்குள் ஓடியது அந்தப் பலகைதான். 1983-ஆம் வருஷக் கணக்கில் டக்கெட்டின் வழக்கு முடிந்தவைகளோடு சேர்ந்திருக்கும். ஆறே நாளில் முடித்தார்கள் என்று யாராவது தோளில் தட்டியிருப்பார்கள். 36 வருஷம் அது முடிந்த வழக்காகவே இருந்தது.

இதில் ஒரு விஷயம் நம்மவர்களுக்கு விளங்காது, எனக்கும் முதலில் விளங்கவில்லை. நம் சட்டப்படி போலீசிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு, இப்போது புதுச் சட்டத்தில் எண் மாறி 23. பேப்பரில் பரபரப்பு வாக்குமூலம் என்று கொட்டை எழுத்தில் வருவது பேப்பருக்கு மட்டும்தான். அவன் காட்டிய இடத்தில் அரிவாள் கிடைத்தால், அந்த அளவுக்குத்தான் ஏற்பார்கள். அதனால்தான் நம் போலீஸ் ஆளைக் கையில் விலங்கோடு கிணற்றோரம் நிறுத்திப் போட்டோ எடுக்கிறது. வெள்ளைக்காரன் நம் போலீசை நம்பாமல் எழுதிய பிரிவு, இன்றைக்கும் நாம் மாற்றவில்லை. அமெரிக்காவில் நேர் எதிர். நீ பேசாமல் இருக்கலாம், வக்கீல் வைத்துக்கொள்ளலாம் என்று 1966-லிருந்து எச்சரிக்கை படித்துக்காட்ட வேண்டும், பெரும்பாலும் கையெழுத்தும் வாங்குவார்கள். வாங்கிய பிறகு அவன் பேசினால் அது சாட்சியம். பேச வைக்கப் போலீஸ் பொய்யும் சொல்லலாம், 1969-இல் உச்ச நீதிமன்றமே அந்த மாதிரி ஒரு வழக்கில் வாக்குமூலத்தைத் தள்ளுபடி செய்யாமல் விட்டது. டெட்ராய்ட்டில் ஒருவனை ஜெராக்ஸ் மெஷின்மேல் கையை வைக்கச் சொல்லி, இதுதான் பொய் கண்டுபிடிக்கும் மெஷின் என்று, பொய் என்று முன்பே அச்சடித்த காகிதத்தை வெளியே வரவைத்தார்கள் என்று ஒரு கதை உலவும். சிரிப்பு வரும். உள்ளே உட்கார்ந்திருப்பவன் 16 வயதுப் பையன் என்று நினைத்தால் வராது.

இந்த டிடெக்டிவ்களை நான் திட்டவில்லை. பெரும்பாலானவர்கள், நான் படித்தவரை, தூக்கமில்லாமல், டீசன்டான சாப்பாடு இல்லாமல், யாரும் பேசாத தெருவில் கதவு கதவாகத் தட்டிக்கொண்டிருந்தவர்கள். என் மனக்குறை அந்தப் பலகைமேல்தான்.

எங்கள் ஆபீஸ் கட்டடத்தில் கீழ்த்தளத்தில் ஒரு செக்யூரிட்டி இருந்தார். கறுப்பினத்தவர், அறுபது தாண்டியிருக்கும். என்னை யங் மேன் என்றுதான் கூப்பிடுவார், எனக்கு அப்போது 38. ராத்திரி ஷிப்டில் நான் கீழே இறங்கி வந்தால் பேச்சு கொடுப்பார், மழை, பேஸ்பால், அவர் முழங்கால் வலி. 2016-இல் ஒரு ராத்திரி டிவியில் ஏதோ கொலைச் செய்தி ஓடும்போது சாதாரணமாகச் சொன்னார், அவர் அக்கா மகனை (நம் கணக்கில் மருமகன்) சுட்டுப் பத்து வருஷம் ஆகிறது, இன்னும் யாரையும் பிடிக்கவில்லை. எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவர் பர்ஸை எடுத்தார். லைசென்ஸுக்குப் பின்னால் மூன்று விசிட்டிங் கார்டுகள், ஓரமெல்லாம் பஞ்சு மாதிரி ஆகியிருந்தன. மூன்றிலும் போலீஸ் முத்திரை, மூன்று வேறு வேறு டிடெக்டிவ் பெயர், பின்பக்கம் பேனாவால் ஒரே வழக்கு எண். முதல் ஆள் ஓய்வு பெற்றுவிட்டார். இரண்டாவது ஆள் வேறு பிரிவுக்குப் போய்விட்டார். கேஸ் கைமாறும்போதெல்லாம் இவரே போய் ஒரு கார்டு வாங்கி வருவார்.

பையனின் பிறந்தநாளன்று வருஷா வருஷம் மூன்றாவது கார்டில் இருக்கும் எண்ணுக்குப் போன் செய்வாராம். அந்த வருஷம் புதுக் குரல் ஒன்று எடுத்திருக்கிறது. சின்ன வயதுக்காரன் குரல், மரியாதையாகத்தான் பேசினான் என்றார். வழக்கு எண்ணைச் சொன்னதும், ஒரு நிமிஷம் சார், பையன் பெயர் எப்படி எழுதுவது என்று கேட்டிருக்கிறான். இவர் ஒவ்வொரு எழுத்தாக, நிறுத்தி நிறுத்தி, அவன் எழுதி முடிக்கும்வரை சொல்லியிருக்கிறார்.